நடுவில் வளர்ந்த ஏரி

மருதியேரியைச் சுற்றி வர இருபத்திரண்டு மைல், அது அன்றைக்கும் இருபத்திரண்டு மைல்தான், இன்றைக்கும் இருபத்திரண்டு மைல்தான். கிழக்கே எங்கள் புங்கஞ்சேரியில் ஏறினால் பதினான்காம் நம்பர் பஸ் ஏரிக்கரை மேலேயே ஓடி, கலங்கல் பாலத்தில் எல்லோரையும் ஒரு குலுக்குக் குலுக்கி, நாற்பதே நிமிடத்தில் மேற்கே தாழையூரில் கொண்டுபோய் இறக்கிவிடும். குறுக்கே பரிசலில் போனால் ஒரு மணி நேரம். அப்படி இருந்த ஏரிதான் ஐப்பசி மாதம் மூன்றாவது வியாழக்கிழமை காலையிலிருந்து, கரையில் ஒரு சாண் நகராமல், மதகில் ஒரு விரற்கடை நீர் ஏறாமல், நடுவில் மட்டும் வளர ஆரம்பித்தது.

முதல் நாள் எங்களுக்குத் தெரியவில்லை. தாழையூர் சந்தைக்கு மீன் கொண்டுபோனவர்கள் மதியத்துக்கு மேல் போய்ச் சேர்ந்து, வாடைக் காற்று இழுத்துவிட்டது என்று காற்றின்மேல் பழியைப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை போனவர்கள் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சனிக்கிழமை காலை போன பூபாலன் ஞாயிற்றுக்கிழமை மதியம் கரையேறி, வழியில் பசித்தது என்று சொன்னான், வேறொன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் சோறு கட்டிக்கொண்டு போக ஆரம்பித்தோம். ஏன் வளர்ந்தது, எதனால் வளர்ந்தது என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள். ஏரியை நம்பிப் பிழைக்கிறவனுக்கு அது எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம், அங்கே என்ன மீன் என்பது தெரிந்தால் போதும்.

ஆனால் அந்த வியாழக்கிழமை எங்களுக்கெல்லாம் முன்னால் ஏரியில் இறங்கிய ஒருவன் உண்டு. அவன் பெயர் கலியபெருமாள், நாற்பத்தெட்டு வயது, புங்கஞ்சேரியிலேயே நல்ல வலைக்காரன், கோபித்துக்கொள்வதில் அதைவிட நல்ல தேர்ச்சி உள்ளவன். அவன் அன்றைக்குத் தனியாகப் போனான். எங்கள் ஏரியில் யாரும் தனியாகப் போவதில்லை, ஒரு பரிசலுக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் வேண்டும், அவன் வலை விடுவான், அவள் துடுப்புப் போடுவாள், மீன் எங்கே என்பது அவனுக்குத் தெரியும், கரை எங்கே என்பது அவளுக்குத் தெரியும், இருபது வருஷம் ஏரியில் கிடந்தாலும் ஆண்பிள்ளைகள் பரிசலைத் திருப்பத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துப் பெண்கள் சிரிப்பார்கள். கலியபெருமாளின் துடுப்புக்காரி அவன் மனைவி அஞ்சலாட்சி. அன்று காலை அவள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது அவன் சொல்லாமல் கிளம்பிப் போனான். போனவன் வரவில்லை.

அவன் கோபத்துக்கு என்ன காரணம் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவனைப் பைத்தியக்காரன் என்று நினைப்பீர்கள். பரிசல் வட்டமானது, விளிம்பில் கால் வைத்தால் ஒரு பக்கம் சாயும், சுழலும். அதனால் அடுத்த கரைக்கு விருந்தாளியாகப் போகிறவன் தானாக இறங்கமாட்டான், அந்தக் கரைக்காரர் ஒருவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து, பரிசலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இறங்குங்க என்று சொன்ன பிறகுதான் இறங்குவான். இதற்கு விளிம்பு பிடிக்கிறது என்று பெயர். பத்திரிகை வைத்து, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாலும், விளிம்பு பிடிக்க ஆள் வராவிட்டால் அழைத்ததாகக் கணக்கில்லை. பெண் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் பெண் எப்படி என்று கேட்பதற்கு முன்னால் யார் விளிம்பு பிடித்தார்கள் என்று கேட்கிற ஊர் இது.

அந்த வியாழனுக்கு முந்தின ஞாயிறு, தாழையூரில் அஞ்சலாட்சியின் தம்பி தணிகாசலம் வீட்டில் காதுகுத்து. கலியபெருமாள் கஞ்சி போட்ட வேட்டி கட்டி, கையில் சீர்த் தட்டோடு பரிசலில் நின்றபடி போய்ச் சேர்ந்தான். கரையில் ஒரு ஈ காக்கை இல்லை. தணிகாசலம் அப்போது சமையல்காரனிடம் சோறு வேகவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தான். மொட்டையடித்த தம்பி பிள்ளையைத் தூரத்தில் பார்த்த அஞ்சலாட்சி, பரிசல் நிற்பதற்குள் குதித்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியே போய்விட்டாள். அவள் அந்தக் கரையில் பிறந்தவள், அவள் பிடித்திருந்தாலும் செல்லும். கலியபெருமாள் முழங்கால் தண்ணீரில், சுற்றுகிற பரிசலில், தட்டை ஏந்திக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றான். பிறகு தானே துடுப்பை எடுத்து, கோணல்மாணலாகப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். அஞ்சலாட்சி சாப்பிட்டுவிட்டு பஸ்சில் வந்தாள்.

"நீயாச்சும் புடிச்சிருக்கலாம்" என்றான் அவன்.

"அதுக்கு ஏன்யா இம்மாங் கோவம்? நாளைக்கே என் தம்பி வருவான், வந்து சமாதானம் சொல்லுவான்" என்றாள் அவள்.

தம்பி வரவில்லை. நான்கு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. வியாழக்கிழமை அவன் போனான், ஏரி வளர்ந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசியவர்களும் எங்களில் உண்டு, அவன் கோபம் அவ்வளவு பெரிது என்று சிரித்தவர்களும் உண்டு, அஞ்சலாட்சி மட்டும் இரண்டு கூட்டத்திலும் சேராமல் தினமும் காலையில் கரையில் வந்து நின்றுவிட்டுப் போனாள்.

ஏரி தன் பாட்டுக்கு வளர்ந்தது. பொதுப்பணித் துறையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து, சங்கிலி பிடித்துக் கரை முழுக்க அளந்து, ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தையும் விரித்துப் பார்த்து, ஏரி இருக்கிற அளவில்தான் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், அப்படியே ஒரு தரம் குறுக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று பரிசலில் ஏறினார். எட்டாம் நாள் தாடியோடு தாழையூரில் இறங்கினார். எழுதியதை அவர் மாற்றவில்லை, நாங்களும் மாற்றச் சொல்லவில்லை, அளவு சரியாகத்தானே இருந்தது.

புதிய தண்ணீருக்குப் புதிய பெயர்கள் வேண்டியிருந்தன. பழைய ஏரியில் ஆனைமடு, செங்கல் திட்டு, கன்னிமார் குழி என்று கரையிலிருந்து பார்த்து வைத்த பெயர்கள். நடுவில் வளர்ந்ததற்குக் கரையே தெரியாது, அதனால் கையில் எது தீர்ந்ததோ அதை வைத்துப் பெயர் வைத்தோம். கட்டிக்கொண்டு போன முதல் பொட்டலத்தைப் பிரிக்கிற இடம் முதல் சோறு. அதற்கப்புறம் ரெண்டாம் சோறு. அதற்கும் அப்பால் பீடி தீர்ந்தான், வெத்தலை தீர்ந்தாள், அதையும் தாண்டினால் செல்போன் செத்த இடம், அதையும் தாண்டினால் ஊர்க்கதை தீர்ந்த இடம், அங்கே புருஷனும் பெண்டாட்டியும் பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், சிலர் அங்கே போய்வந்த பிறகு முன்னைவிட அன்பாக இருந்தார்கள், சிலர் அதற்குப் பிறகு தனித்தனிப் பரிசல் கேட்டார்கள். பூபாலன் நான்கு பரிசல்களைச் சேர்த்துக் கட்டி முதல் சோற்றில் டீக்கடை போட்டான். தாழையூர் மாப்பிள்ளை ஒருவன் புங்கஞ்சேரிப் பெண்ணைக் கட்ட வழக்கப்படி பரிசலில் கிளம்பி, முகூர்த்தம் தவறிப் பதினோராம் நாள் வந்து சேர்ந்தான். அதன்பிறகு மாப்பிள்ளைகள் பஸ்சில் வந்தார்கள். கார்த்திகையில் ஏரிக்காத்தம்மன் அக்கரைக்குப் போகிற திருவிழா வந்தபோது, அம்மனைப் பரிசலில் அனுப்பினால் அடுத்த வருஷத்துக்குத்தான் வருவாள் என்று கூடிப் பேசி, அவளுக்கும் பஸ்சில் டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர சீட் கொடுத்தோம். கண்டக்டர் பெண்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள் என்றார்.

மீனைப் பற்றி என்ன சொல்ல? விரால் தொடை கனத்துக்கு வந்தது. கெளுத்தியைத் தூக்க இரண்டு கை போதவில்லை. கெண்டை போலவே இருந்து மீசை வைத்திருந்த ஒரு மீன் வந்தது, அதற்குப் பெயர் தெரியாததால் நடுவான் என்று கூப்பிட்டோம், குழம்பு வைத்தால் மூன்று வீட்டுக்கு மணக்கும். வருஷா வருஷம் ஜிலேபிக் கெண்டையும் பொடிமீனுமாக வாரிக்கொண்டு வந்து ஏலத்தில் தலை குனிந்து நின்ற எங்கள் மீனவர் சங்கம், அந்த ஒன்றரை மாதம் வெளியூர் வேன்களை வரிசையில் நிற்க வைத்தது. அதனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஏரி பழையபடி சுருங்கவேண்டும் என்று எங்களில் யாரும் வேண்டிக்கொள்ளவில்லை.

முப்பத்தெட்டாம் நாள் காலை கலியபெருமாளின் வலை வந்து கரையில் ஒதுங்கியது. அது அவனுடையதுதான், மிதப்புக்கு அவன் தன் மகளின் பழைய பச்சைச் செருப்புகளை வெட்டிக் கட்டியிருப்பான், அந்த மகளை டவுனில் கட்டிக்கொடுத்தும் இரண்டு வருஷமாகிறது. எங்கள் ஏரியில் வலை வந்து ஆள் வராவிட்டால் ஆள் போய்விட்டான் என்று அர்த்தம், அதற்கு மேல் உடம்பைத் தேடமாட்டோம், காரியத்துக்கு நாள் குறித்துவிடுவோம். சங்கத் தலைவர் வைத்தியலிங்கம் தோளில் துண்டோடு அஞ்சலாட்சி வீட்டுக்குப் போனார். கூட நாங்களும் போனோம். பெண்கள் இரண்டு பேர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அழுவதற்குத் தயாரானார்கள்.

"மனசத் தேத்திக்கம்மா" என்றார் வைத்தியலிங்கம். "வலை வந்துடுச்சி. வர்ற புதன் நல்ல நாளு. நீ என்னா சொல்ற?"

அஞ்சலாட்சி எழுந்து அவரைத் தாண்டிக் கரைக்கு நடந்தாள். வலையைக் கையால் வாரித் தூக்கினாள். உள்ளே ஏழெட்டு நடுவான்கள் துள்ளின.

"இது துடிக்குது பாருங்க தலைவரே" என்றாள். "முப்பத்தெட்டு நாளு ஆன வலையில மீனு நாறிக் கெடக்கும். இது முந்தாநேத்து விட்ட வலை. இங்க பாருங்க, கிழிசல முடிஞ்சிருக்கான், அவன் முடிச்சி எனக்குத் தெரியாதா? உசுரோட இருக்கறவனுக்கு எதுக்கு நான் தாலிய கழட்டணும்?"

நாங்கள் முடிச்சைப் பார்த்தோம். வைத்தியலிங்கம் மீனைப் பார்த்தார். உயிரோடு இருக்கிறவன் ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள். வழி தெரியாமல் இருப்பான், துடுப்புக்காரி இல்லாமல் ஆம்பிளைக்குக் கரை எங்கே தெரியப்போகிறது என்று இன்னொருத்தி பதில் சொன்னாள். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. அஞ்சலாட்சிக்கு மட்டும் அது தொண்டைக்குள் இறங்கவில்லை, அவள் மத்தியான பஸ்சில் தாழையூர் போனாள்.

தணிகாசலம் வீட்டு வாசலில் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றான், கையைக் கழுவவில்லை.

"மாமாவப் பத்தி எதுனா தெரியுமாடா?"

அவன் உப்புக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவனுக்கு முப்பத்தாறு வயது, பொய் சொல்லத் தெரியாது, உண்மையையும் கேட்டால்தான் சொல்லுவான்.

"மூணாம் நாளு வந்தாரு அக்கா."

"எங்க?"

"இங்கதான். அந்தக் கல்லுத் துறைக்கு நேரா. இம்மாந்தூரத்துல பரிசல நிறுத்திகிட்டு நின்னாரு. பாத்தேன். அவரும் பாத்தாரு. வரட்டுமேன்னு நானும் நின்னேன். ஒரு நாழி நின்னுட்டுப் போயிட்டாரு. அப்பறம் இன்னொரு தரம் வந்தாரு, அன்னிக்கும் நான் எறங்கல."

"ஏன்டா எறங்கல?"

"காதுகுத்துக்கு வந்துட்டு சாப்டாமப் போயிட்டாருல்ல, ஊரே கேட்டுச்சி. எனக்கும் அவமானமா இருந்திச்சி."

அஞ்சலாட்சி அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். வாசலில் உட்கார்ந்து அழுதாள், ஊர் கேட்க அழுதாள், தனக்கு இந்த உலகத்தில் வாய்த்த இரண்டு ஆம்பிளைகளும் முழங்கால் தண்ணிக்கு இந்தப் பக்கம் ஒருத்தனும் அந்தப் பக்கம் ஒருத்தனுமாக நின்று தன்னை விதவையாக்கப் பார்த்தார்களே என்று சொல்லி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த பஸ்சில் திரும்பினாள். கலியபெருமாள் வழி தெரியாமல் இல்லை, வழி தெரிந்துகொண்டேதான் வராமல் இருக்கிறான். அது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, அதைவிடப் பெரிய வலியாகவும் இருந்தது.

மறுநாள் அவள் பூபாலனிடம் ஒரு பரிசல் கேட்டு வாங்கி, அரிசி, உப்பு, மிளகாய்த் தூள், ஸ்டவ் எல்லாம் ஏற்றிக்கொண்டிருந்தபோது வைத்தியலிங்கம் வந்தார். நல்ல மனிதர்தான், பேச்சு மட்டும் சுற்றிச் சுற்றி வரும்.

"தைப் பொங்கல் கழிச்சிப் போயேம்மா" என்றார்.

"எதுக்கு?"

"இல்ல, அவன் கோவிச்சுகிட்டுப் போனான், ஏரி பெருசாச்சி. அவன் திரும்பி வந்து, ஏரியும் பழையபடி ஆயிடுச்சின்னா… பொங்கலுக்கு இந்தத் தடவதான் ஊருல எல்லாருக்கும் புதுத் துணி."

நாங்கள் எல்லோரும் அங்கேதான் நின்றோம். ஒருவரும் தலைவரை மறுத்துப் பேசவில்லை. அந்த வெட்கம் எங்களுக்கு இன்னும் இருக்கிறது.

"உங்க ஊட்டுப் பொம்பளைங்களக் கேட்டுட்டு வந்து இதச் சொல்லுங்க தலைவரே" என்றாள் அவள். பரிசலைத் தள்ளி, ஏறி உட்கார்ந்து, துடுப்பைப் போட்டாள்.

முதல் சோற்றில் பூபாலன் டீ கொடுத்தான். ரெண்டாம் சோற்றில் தெரிந்த பரிசல்கள் இருந்தன, கை காட்டினார்கள். பீடி தீர்ந்தானைத் தாண்டும்போது மழை பெய்து ஓய்ந்தது. அவள் நீர்க்காகங்களைப் பார்த்துக்கொண்டு போனாள், அவை காலையில் ஏரிக்கரைப் புளியமரங்களிலிருந்து கிளம்பி மீன் அதிகமாக இருக்கிற இடத்துக்குப் போகும், மீன் அதிகமாக இருக்கிற இடத்தில்தான் அவனும் இருப்பான். ஊர்க்கதை தீர்ந்த இடத்தில் அவளுக்குப் பேச ஆளே இல்லை, ஆனாலும் கதை தீரவில்லை, அவனிடம் சொல்ல வேண்டியதைத் தண்ணீரிடம் சொல்லிக்கொண்டே போனாள். அதற்கப்புறம் பெயரே இல்லாத தண்ணீர் வந்தது. வானமும் தண்ணீரும் ஒரே வெளிர் நிறமாக இருந்ததில் துடுப்பு நனைகிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் தான் ஏரியில் இருப்பதை நிச்சயம் செய்துகொண்டாள். துடுப்பை ஆழ விட்டால் மண் தட்டவில்லை. அல்லி இலைகள் பாய் அகலத்துக்கு மிதந்தன, அவற்றின்மேல் கொக்குகள் குடும்பம் நடத்தின. ஒரு நாள் முழுக்க நடுவான்கள் பரிசலுக்கு இரண்டு பக்கமும் கூடவே வந்தன. பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள், பயமாக இல்லை, அழகாக இருந்தது, அந்த அழகைப் பார்த்ததும்தான் அவன் திரும்பி வரவே மாட்டானோ என்று முதல் தடவையாகப் பயந்தாள்.

ஒன்பதாம் நாள் முற்பகலில் அவனைக் கண்டாள். நான்கு பக்கமும் வலை விட்டுவிட்டு, நடுவே பரிசலில் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு கிழிசலை முடிந்துகொண்டிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. கொஞ்சம் பூசினாற்போலவும் இருந்தான், அது அவளுக்குக் கோபமூட்டியது.

"சாப்ட்டியா?" என்றான் அவன்.

"இல்ல."

அவன் மீன் சுட்டுக்கொடுத்தான். அவள் கொண்டுவந்த அரிசியைப் பொங்கினாள். சாப்பிட்டு முடிகிற வரை பரிசல்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன.

"இங்க நல்லா இருக்கு அஞ்சலை" என்றான் அவன். "கரையே இல்ல. யாரும் யாரையும் எறங்குன்னு சொல்ல வேணாம், சொல்லலன்னு நிக்கவும் வேணாம். நீயும் இரேன்."

"தம்பி பண்ணது தப்பு. அவன் ரெண்டு தரம் நின்னு பாத்துட்டு எறங்கல, அத எங்கிட்ட சொன்னான்."

"அவன விடு. நீ எறங்கி ஓடுனியே."

"ஓடுனேன். மொட்ட மண்டையப் பாத்ததும் நீ பரிசல்ல நிக்கற நெனப்பே எனக்கு இல்ல. மறந்துட்டேன்யா. அது என் தப்புதான், இந்த ஒன்பது நாளும் தண்ணிகிட்ட அதத்தான் சொல்லிகிட்டு வந்தேன்."

அவன் முகம் இளகியது. அவன் எதிர்பார்த்தது அதைத்தான், இன்னும் கொஞ்சம் கேட்டால் தேவலை என்று உட்கார்ந்திருந்தான். ஆனால் அஞ்சலாட்சி சொல்லி முடிக்கவில்லை.

"நானும் ஒண்ணு கேக்கறேன், சொல்லு. இருவத்திரெண்டு வருசமா உனக்குத் துடுப்புப் போடறேன். எனக்கு யாருய்யா விளிம்பு புடிச்சாங்க?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அந்தக் கரைக்குப் போனா நான் முன்னாடி குதிக்கணும், இல்லன்னா பரிசல் நிக்காது. நம்ம கரைக்கு வந்தா நான் கடைசியா குதிக்கணும், மீனு எறக்கணும்ல. வயித்துல புள்ளயோட ஏழு மாசத்துல குதிச்சேன். மார்கழி மாசம், தண்ணி இடுப்புக்கு இருந்திச்சி. அதுக்கு நான் கோவிச்சுகிட்டு ஏரியப் பெருசாக்குனேனா?"

ஒரு நீர்க்காகம் முங்கி, எங்கோ போய், வேறிடத்தில் தலையைத் தூக்கியது.

"ஏழு மாசத்துலயா?" என்றான் பிறகு.

"ஏழு மாசத்துல."

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

"நீ கூடையத் தூக்கிகிட்டு ஏலத்துக்கு முன்னாடி போயிட்ட."

கலியபெருமாள் எழுந்து வலைகளை ஒவ்வொன்றாக இழுக்க ஆரம்பித்தான். விழுந்திருந்த மீனையெல்லாம் எடுத்து ஏரியிலேயே விட்டான். நான்காவது வலையைச் சுருட்டி முடித்ததும் தன் பரிசலை அவள் பரிசலின் பின்னால் கட்டிவிட்டு, அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். அவள் துடுப்பை எடுத்துப் போட்டாள்.

ஒன்பது நாள் தண்ணீரை அவர்கள் அந்த ஒரு பகலிலேயே கடந்தார்கள் என்று சொன்னால் எங்களுக்கு அதில் ஆச்சரியம் இல்லை, வளர்ந்த ஏரிக்குச் சுருங்கவும் தெரியும்தானே. உச்சி வெயிலில் ஊர்க்கதை தீர்ந்த இடம் அவர்களைத் தாண்டிப் போனது. அடுத்தடுத்து வெற்றிலையும் பீடியும் தீர்ந்த இடங்கள் வந்தன. அடுப்பில் பால் கொதித்துக்கொண்டிருக்கும்போதே தன் டீக்கடை புங்கஞ்சேரி படித்துறைக்கு எதிரே வந்து நிற்பதைப் பார்த்த பூபாலன், இருவருக்கும் இரண்டு டீ ஆற்றிக் கொடுத்துவிட்டு, கட்டியிருந்த பரிசல்களை அவிழ்க்க ஆரம்பித்தான். மறுநாளிலிருந்து குறுக்கே போக ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று, அந்தக் கால் மணி மட்டும் இன்றைக்கும் குறையவில்லை. நடுவான் எப்போதாவது ஒன்று மாட்டும். வைத்தியலிங்கம் மூன்று மாதம் அஞ்சலாட்சியிடம் பேசவில்லை, அந்தப் பொங்கலுக்குப் புதுத் துணி பாதிப் பேருக்குத்தான். அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு மாலை நாலு மணி இருக்கும், ஊரே கரையில் நின்றது. அக்காவைத் தேடிப் பஸ் பிடித்து வந்திருந்த தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான். புங்கஞ்சேரிக் கரையில் தாழையூர்க்காரன் விளிம்பு பிடிக்க முறையே கிடையாது, அவனுக்கும் அது தெரியும், ஆனாலும் நின்றான். பரிசல் நெருங்கியது. இன்னும் கழுத்தளவு ஆழம் இருக்கும்போதே கலியபெருமாள் தொபீரென்று ஏரியில் குதித்தான். தண்ணீர் அவன் தாடியைத் தொட்டது. பரிசலின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றி, அவள் உட்கார்ந்தபடியே இருக்க, இழுத்துக்கொண்டு வந்தான்.

"மாமா" என்றான் தணிகாசலம்.

"அப்பறம் வர்றேன்டா உன் ஊட்டுக்கு. இப்ப நவுரு" என்றான் கலியபெருமாள்.

கரை தட்டியதும் பரிசலைச் சுழலாமல் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியும், காது நுனி சிவந்திருந்தது, ஆனாலும் சொன்னான்.

"எறங்கு."

அஞ்சலாட்சி துடுப்பைக் கீழே வைத்தாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மறுபடி எடுத்தாள். எழுந்து குதித்தே பழகிய கால், பிடித்த பரிசலிலிருந்து மெதுவாக இறங்குவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கெட்டியாப் புடிச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

"புடிச்சிருக்கேன்."

வலையை இறக்க வேண்டும், ஸ்டவ்வை எடுக்க வேண்டும், வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, கரையில் நாங்கள் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தோம். அவள் கொஞ்ச நேரம் இறங்காமலே உட்கார்ந்திருந்தாள்.